சாத்தையாவின் மழை

முள்ளேந்தலில் மழை பொய்த்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஊருணியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்புகளில் ஆட்டுக்குட்டிகள் கால் மாட்டி ஒடித்துக்கொண்டன. பனைகள்கூட ஓலையைத் தொங்கப் போட்டுவிட்டன. அப்படிப்பட்ட ஒரு ஐப்பசி மாதத்து உச்சிப்பொழுதில், கீழத்தெருவில் கம்பு இடித்துக்கொண்டிருந்த ஒய்யம்மாள் மேல் மட்டும் மழை பெய்தது. ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், ஒரு ஆளின் தோள் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். உரலுக்கு அந்தப் பக்கம் நின்று உலக்கை போட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் பெண்சாதி சிட்டுவின் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"அக்கா, கம்பு நனையுது. தள்ளி நில்லு" என்றாள் சிட்டு.

ஒய்யம்மாள் தள்ளி நின்றாள். மழையும் தள்ளி நின்று பெய்தது. வேப்பமரத்தடிக்குப் போனாள், இலைகள் காய்ந்து கிடக்க, இலைகளுக்குக் கீழேயிருந்து மழை தொடங்கி அவள் தலையில் விழுந்தது. குடிசைக்குள் போனாள், கூரைக்குக் கீழே, முகட்டுக் கம்புக்கும் அவள் உச்சிக்கும் நடுவில், எங்கிருந்தென்று சொல்ல முடியாத இடத்திலிருந்து பெய்தது. தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடியது. அது முள்ளேந்தல் அறிந்த மழை இல்லை. ஆடி வெயிலில் வந்து ஆளைக் கழுவிவிட்டுப் போகிற வெதுவெதுப்பான மழை இல்லை. எலும்புக்குள் ஊசி ஏற்றுகிற குளிர் அதில் இருந்தது. சிட்டு ஒரு விரலை நீட்டிப் பார்த்துவிட்டுச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியில் தாலுகா சேவகன் வந்தான். கீழத்தெருவுக்குச் செய்தி சொல்ல வருகிற யாரும் முதலில் மேலத்தெருவில் அம்பலக்காரர் உடையப்பனிடம்தான் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். உடையப்ப அம்பலம் கேட்டுவிட்டு ஆளனுப்பி ஒய்யம்மாளையும் அவள் கொழுந்தன் கூரிச்சாமியையும் வாசலுக்கு வரச்சொன்னார். சேவகன் சொன்ன செய்தி இது: வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த ஒய்யம்மாளின் புருஷன் சாத்தையா இத்தாலி தேசத்தில் ஒரு ஆற்றங்கரையில் செத்துப்போனான். குண்டு பொழிந்துகொண்டிருக்கையில் அடிபட்டவர்களைத் தோளில் போட்டு ஆற்றைக் கடந்து கடந்து கொண்டுவந்து சேர்த்தான். கடைசியாகப் போனவன் அக்கரையிலேயே விழுந்துவிட்டான். ராஜா அவனுக்கு வீரப் பதக்கம் கொடுத்திருக்கிறார். உடலை அங்கேயே பட்டாளத்துக்காரர்களின் மயானத்தில் அடக்கம் பண்ணிவிட்டார்கள். நல்ல மழையில்தான் பண்ணினார்களாம். அடக்கம் நடந்ததாகச் சேவகன் சொன்ன தேதி, ஒய்யம்மாள் கம்பு இடித்த நாள்.

ஊருக்கு விளங்கிவிட்டது. அதில் யாரும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குழி அங்கே இருக்கிறது, குழிமேல் பெய்ய வேண்டிய மழை பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு இங்கே வந்துவிட்டது. பக்கத்துக் குழிகள் நனைகிற நேரமெல்லாம் இவள் நனைவாள், அங்கே வெறிக்கிறபோது இவளுக்கும் வெறிக்கும். முள்ளேந்தல் அதற்குச் சாத்தையா மழை என்று பேர் வைத்தது. அடுத்த பேச்சு, அந்தத் தண்ணீர் தீட்டா இல்லையா என்பதுதான்.

ஒய்யம்மாள் அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை, அவள் முகம் எப்போதும் நனைந்தே இருந்ததால். அவளுக்கே தெரியவில்லை. சாத்தையாவோடு ஒரு வெள்ளாமைகூட முழுசாக அவள் பார்க்கவில்லை. பரமக்குடிச் சந்தையில் மார்பளவு எடுத்து ஆள் சேர்த்தபோது போனவன், இடையில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். பூட்ஸ் போட்டுக்கொண்டு மேலத்தெரு வழியாக நடந்து வந்தவனை உடையப்ப அம்பலம் நிறுத்தினார். பூட்ஸைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு தெருவைக் கடக்கச் சொன்னார். எதிரே அவனைக் கூட்டிப்போக வந்து நின்ற ஒய்யம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவனும் அவள் பார்த்ததைப் பார்த்தான். லீவு முடியுமுன்னே பட்டாளத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். இப்போது அவன் முகத்தை நினைக்கப் பார்த்தால், தலைமேல் இருந்த இரண்டு பூட்ஸும் அவற்றின் கீழே ஒரு நிழலும்தான் அவளுக்கு வந்தது.

பிணத்தின்மேல் விழ வேண்டிய தண்ணீர் என்று முதலில் யாரும் அதைத் தொடவில்லை. மாடுகள் குடித்தன. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கீழத்தெரு குடித்தது. அதற்கு வேறு வழி இருக்கவில்லை. ஊருணியில் தண்ணீர் இருந்த காலத்திலேயே கீழத்தெருக்காரர்கள் அதில் இறங்கியதில்லை. கரையில் குடத்தோடு காத்துக்கிடந்தால் மேலத்தெருப் பெண் யாராவது மனசு வந்து உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஊருணி வற்றியபிறகு அதுவும் போய், ஆற்றுமணலைத் தோண்டி உப்புத் தண்ணீரைக் குடித்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் சிட்டுவின் முதல் குழந்தை வயிற்றால் போய்ச் செத்தது. இப்போது ஒய்யம்மாள் குடிசைக்குள் ஒரு அண்டாவுக்குள் உட்கார்ந்துகொள்வாள். அண்டா நிறைந்ததும் சிட்டு மொண்டு தெருவுக்குக் கொடுப்பாள். இனிப்பான தண்ணீர் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒய்யம்மாளுக்குப் பல் கிட்டிப்போகும். ஆனாலும் அந்த நாட்களில், கும்பிடாமலே எல்லாரும் தன்னை மதித்தார்கள் என்பதை அவள் உணர்ந்தாள், அது நன்றாகத்தான் இருந்தது.

அதோடு நின்றிருக்கும். ஒருநாள் கூரை ஓலை காற்றில் பிரிந்துவிட்டதென்று ஒய்யம்மாள் மேலே ஏறினாள். அவள் ஏற ஏற மழை அகன்றது. விளக்கை உயரத் தூக்கினால் வெளிச்சம் அகலுமே அதுபோல, கூரைமேல் அவள் நின்றபோது குடிசை மொத்தமும் நனைந்தது, பக்கத்துக் குடிசையின் பாதியும் நனைந்தது. மேலத்தெருவிலிருந்து பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

மறுநாள் ஊர்க் கூட்டம் கூடியது. கூரிச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றான்.

"சாத்தையா நம்ம ஊருக்குப் பேர் வாங்கிக் குடுத்தவன்" என்றார் உடையப்ப அம்பலம். அந்தப் பெயரைப் பின்னால் ஒரு வசவு ஒட்டாமல் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவன் மழை ஊருக்குப் பொது. ஊருணி நடுவுல உசரமா ஒரு பரண் கட்டுவோம். அவ உனக்கு மதினிதானே? அவளை அதுல உக்கார வைப்போம். ஊருணி நிறையுற வரைக்கும்தான். நெறஞ்சதும் இறங்கிரட்டும்."

"அய்யா, எங்க தெருவுக்கு..." என்றான் கூரிச்சாமி.

"மேக்குக் கரையில உங்களுக்குன்னு ஒரு படித்துறை வெட்டி விடுறேன். வாக்கு."

கூட்டத்தில் ஒருவர் கேட்டார், அவள் உடம்பில் பட்டு விழுகிற தண்ணீரை மேலத்தெரு எப்படிப் புழங்குவது என்று. எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரிக்கும் வீட்டில் குடம் காலிதான். அவர் கண்ணை மூடித் திறந்து சொன்னார்: "பரண்மேல இருக்கிற வரைக்கும் அவ அம்மன். இறங்கிட்டா கீழத்தெரு."

நல்ல தீர்ப்பு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கூரிச்சாமி வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னான். அண்டாவுக்குள் உட்கார்ந்திருந்த ஒய்யம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குக் குளிருதே தம்பி" என்றாள்.

"கம்பளி தாராகளாம் மதினி."

"கம்பளியும் நனையுமே."

சிட்டு அடுப்படியில் குனிந்து காலியான பானையை வழித்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றில் மறுபடி ஒன்று உண்டாகியிருந்தது. ஒய்யம்மாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படித்துறைன்னு அவுக வாயாலேயே சொன்னாகளா?"

"வாக்குன்னு சொன்னாக."

"அப்பச் சரி" என்றாள்.

கொட்டு மேளத்தோடு அவளை அழைத்துப் போனார்கள். ஊருணியின் முதல் படியில் கால் வைத்தவள், பழக்கத்தில், காலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உடையப்ப அம்பலமே முன்னால் வந்து, "வா ஆத்தா" என்றார். ஒய்யம்மாளைவிட மூத்தவர் அவர், அவள் மாமனாரை வாடா போடா என்றவர். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏணியில் ஏறினாள். பனந்தூண்கள்மேல் கட்டிய பரண் ஊரின் எல்லாக் கூரைகளையும்விட உயரமாக இருந்தது. அவள் போய் உட்கார்ந்ததும் ஊருணியின் நான்கு கரைக்கும் மழை விரிந்தது, கரையைத் தாண்டி ஒரு சொட்டு விழவில்லை. கரையில் நின்றவர்கள் காய்ந்த மேனியோடு குலவையிட்டார்கள்.

அப்புறம் ஒய்யம்மாளின் பிழைப்பு பரண்மேல்தான். கூரிச்சாமியைக் காவலுக்குப் போட்டார்கள், அவளுக்குச் சோறு கொண்டுபோகிற வேலையும் அவனுக்குத்தான். தண்ணீர் ஏற ஏற, ஒரு பனைமரத்தைக் குடைந்து தோணியாக்கிக் கொடுத்தார்கள். அவன் துழாவிக்கொண்டு வந்து கஞ்சிக் கலயத்தைக் கயிற்றில் கட்டுவான், அவள் மேலே இழுத்துக்கொள்வாள். கலயம் மேலே வந்து சேர்வதற்குள் கஞ்சியில் பாதி மழைத்தண்ணீராகியிருக்கும். மார்கழியில் மழைத்தண்ணீர் நின்று வெள்ளையாக, பஞ்சைப்போல, பூவைப்போலச் சத்தமில்லாமல் விழுந்தது. ஊரே கரைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் கரையின் உள்சரிவில் விழுந்ததை அள்ளி உருட்டினார்கள், பெண்கள் கருப்பட்டி சீவிப்போட்டுத் தின்றார்கள், அம்பலத்தின் சம்பந்தக்காரர்கள் கமுதியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். பரண்மேல் ஒய்யம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணிமையிலும் மயிரிலும் வெள்ளை படிய, கீழே நடக்கிற திருவிழாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கால் சுண்டுவிரல் கறுத்தது. பிறகு ஒரு நாள் வலியே இல்லாமல் கழன்று கையோடு வந்தது. ஊர் குடிக்கிற தண்ணீரில் போட மனசில்லாமல் முந்தியில் முடிந்துகொண்டாள்.

இவ்வளவுக்கும் அவளுக்கு ஒரு நினைப்பு பிடிப்பாக இருந்தது. இந்தக் குளிர் அவனுடையது, அவன் படுகிறதற்குப் பதிலாகத்தான் படுகிறேன், அங்கே அவன் நனையாமல் கிடக்கிறான். முகம் மறந்துபோன ஒருவனுக்கு வேறு என்ன செய்துவிட முடியும்.

ஊருணி நிறைந்து கலுங்கு வழியே தண்ணீர் வழிந்த அன்று மேளம் கொட்டினார்கள். ஒய்யம்மாள் கம்பளியைப் பிழிந்து மடித்து வைத்துவிட்டு, ஏணிக்காகக் காத்திருந்தாள். ஏணி வரவில்லை. கரையிலிருந்து உடையப்ப அம்பலம் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: "கோடை ஒண்ணு இருக்குல்ல ஆத்தா. அதைத் தாண்டிட்டு இறங்கிக்கலாம்." கோடை தாண்டியது. வயல்களுக்கு மடை திறந்தார்கள். மேலத்தெருவில் நெல் விளைந்தது, முள்ளேந்தலில் நெல்லைப் பார்த்தவர்கள் அதற்கு முன்பு யாரும் இல்லை. பக்கத்து ஊர்கள் பெண் கொடுக்கப் போட்டி போட்டன. மேலத்தெருவில் பிறந்த இரண்டு பையன்களுக்குச் சாத்தையா என்று பேர் வைத்தார்கள், அந்தப் பேர் வைத்தால் பிள்ளைக்குத் தண்ணீர்க் கஷ்டம் வராதாம். வருஷா வருஷம் சேவகன் வந்து செய்தி சொன்ன நாளில் பொங்கல் வைத்தார்கள். அம்பலம் எழுந்து நின்று சாத்தையாவின் வீரத்தை எடுத்துச் சொல்வார். ஆற்றைக் கடந்து கடந்து போனதைச் சொல்லுகையில் அவருக்குக் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. மேற்குக் கரையில் படித்துறை மட்டும் வெட்டப்படவில்லை. கீழத்தெரு பழையபடி குடத்தோடு காத்து நின்றது, மேலத்தெரு முன்னைவிடத் தாராளமாக ஊற்றியது.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் கொடி இறங்கிப் புதுக்கொடி ஏறியபிறகு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஜீப்பில் முள்ளேந்தலுக்கு வந்தார். அந்நிய தேசங்களில் கிடக்கிற பட்டாளத்துக் கல்லறைகளைப் பராமரிக்கிறவர். கூடவே மதுரையிலிருந்து மொழிபெயர்ப்புக்கு ஞானாதிக்கம் என்றொருவர் வந்தார், வேட்டிமேல் கோட்டுப் போட்டவர். வெயிலில் வந்த களைப்புக்கு அம்பலம் வீட்டில் ஊருணித் தண்ணீர் கொடுத்தார்கள். ஞானாதிக்கம் ஒரு செம்பைக் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்து, "தேவாமிர்தம்" என்றார்.

பதக்கத்தை விதவையின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. விதவை ஊருணி நடுவில் விரதம் இருக்கிறாள், இறங்கி வரக்கூடாது, அவள் சார்பில் ஊர் வாங்கிக்கொள்ளும் என்றார் அம்பலம். ஆகவே ஊருணிக் கரையில் வைத்துப் பதக்கத்தை அம்பலம் வாங்கினார். வெள்ளியில் ராஜாவின் தலை போட்டிருந்தது. தூரத்தில் மழைக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை அதிகாரி வெகுநேரம் பார்த்தார். பிறகு, தான் வந்த காரியம் பதக்கம் மட்டுமல்ல என்றார்.

அந்த மயானத்தில் எல்லாக் குழிகளும் ஒன்றுபோலப் பச்சைப் புல்லும் பூச்செடியுமாக இருக்கின்றன. சாத்தையாவின் குழி மட்டும் சுட்ட ஓடுபோலக் கிடக்கிறது. விதைத்தது முளைப்பதில்லை, ஊற்றிய தண்ணீர் நிற்பதில்லை, மண் வெடித்துவிட்டது. பனி விழுகிற நாளில்கூட அந்தக் குழிமேல் மட்டும் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. வயல்களிலிருந்து பல்லிகளும் ஓணான்களும் வந்து அதன்மேல் படுத்துக் குளிர் காய்கின்றன. தோட்டக்காரர்கள் அந்தப் பக்கம் போகவே பயப்படுகிறார்கள். மேலிடத்தில் ஒரு யோசனை இருக்கிறது: உறவுக்காரர்கள் சம்மதித்தால் அந்தக் குழியைத் தோண்டி, எலும்புகளை உங்கள் முறைப்படி எரித்து ஆற்றில் கரைத்துவிட்டு, பெயரை மட்டும் ஒரு சுவரில் வெட்டி வைத்துவிடலாம்.

ஞானாதிக்கம் இதைத் தமிழில் சொல்லி முடித்தார். குழி போனால் மழை போய்விடும் என்பதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தோண்ட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் அம்பலம்.

"மனைவிதான் சொல்ல வேண்டுமாம்" என்றார் ஞானாதிக்கம்.

பனந்தோணியில் இரண்டு பேர்தான் போக முடியும். கூரிச்சாமி துழாவ, ஞானாதிக்கம் கோட்டு நனைய நனையப் பரணுக்கடியில் போய் நின்று, அண்ணாந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அதிகாரி கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒய்யம்மாள் பரண் விளிம்புக்குத் தவழ்ந்து வந்தாள். வெகுநாளாகப் பேசாத வாய் அவளுக்கு உடனே ஒத்துழைக்கவில்லை.

"அவர் கிடக்கிற இடத்துல வெயில் அடிக்குதா?"

"எந்நேரமும் அடிக்குதாம்மா. இந்த ஊர் வெயில் மாதிரியே."

"மண்ணு சூடா இருக்கா?"

"தொட முடியலையாம்."

நனையாமல்தான் கிடக்கிறான். அவள் நினைத்தது சரிதான். ஆனால் அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. முள்ளேந்தலில் அவள் நடந்திருக்க வேண்டிய வெயில், கூந்தலை உலர்த்தியிருக்க வேண்டிய வெயில், மத்தியானத்தில் குடிசைச் சுவரில் சாய்ந்தால் முதுகில் ஏறுகிற அந்தச் சூடு, எல்லாவற்றையும் அவன் போர்த்திக்கொண்டு அங்கே தூங்குகிறான். ஓணான்கள்கூட அவன்மேல் படுத்துக் குளிர் காய்கின்றன. அவன் குழிக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக அவன் முகமும் வந்தது, மூக்கின் வலது பக்கத்து மருவோடு.

"எடுக்கச் சொல்லுங்க" என்றாள். "தோண்டி எடுத்து எரிச்சிறச் சொல்லுங்க. அவரும் போகட்டும். நானும் இறங்குறேன். கால்ல பாதி விரல் இல்லங்கய்யா எனக்கு."

ஞானாதிக்கம் கரையைத் திரும்பிப் பார்த்தார். கரை நெடுகக் குடங்களோடு ஊர் நின்றிருந்தது. அம்பலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கூரிச்சாமி துழாவுகோலைப் பிடித்தபடி தலையைக் குனிந்திருந்தான்.

"நீங்க கேட்டீங்கல்ல" என்றார் ஞானாதிக்கம் அவனிடம், தாழ்ந்த குரலில்.

"மழைச் சத்தத்துல சரியா விழலைங்க" என்றான் கூரிச்சாமி.

கரைக்கு வந்ததும் ஞானாதிக்கம் அதிகாரியிடம் இங்கிலீஷில் சொன்னார், அவர் சொன்னதைக் கேட்டு அதிகாரி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு பரணை நோக்கிக் குனிந்தார். புருஷன் விழுந்த மண்ணிலேயே கிடக்கட்டும், அந்த மண்ணை யாரும் தொட வேண்டாம், எனக்கு அதுவே பெருமை என்று அவள் சொன்னதாக ஞானாதிக்கம் சொல்லியிருந்தார். பரண்மேலிருந்து அவள் கத்துவது கேட்டது. நன்றி சொல்கிறாள் என்றார். ஜீப் புறப்படுகையில் இரண்டு தகர டின்னில் ஊருணித் தண்ணீர் ஏற்றிவிட்டார்கள். பதக்கத்தைக் கீழத்தெருவின் ஓலைக்குடிசையில் வைத்தால் பத்திரமில்லை என்று உடையப்ப அம்பலம் தன் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலையிலேயே மேற்குக் கரையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. படித்துறை வெட்டினார்கள். அம்பலமே நின்று வெட்டச் சொன்னார். வேலை முடிந்ததும் கீழத்தெருவைக் கூப்பிட்டு, "இனிமே நீங்களே இறங்கி மொண்டுக்கங்க. பரணையும் நீங்களே பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கீழத்தெருப் பெண்கள் முதல் நாள் படியில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் நின்று, மொள்ளாமல், சும்மாவே நின்றார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி தண்ணீரைக் கையில் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. ஒய்யம்மாள் மேலேயிருந்து பார்த்தாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாக்கு நிறைவேறிவிட்டது. இனி இறங்கலாம் என்று அவள் முடிவுசெய்தாள். ஏணிக்குக் காத்திராமல் பனந்தூணைக் கட்டிப் பிடித்துச் சறுக்கினாள். தூணின் செதில் மார்பையும் தொடையையும் கிழித்தது. அவள் இறங்க இறங்க மழை சுருங்கி, தண்ணீரில் கால் பட்டபோது ஒரு ஆள் அகலமாயிற்று. நீச்சல் தெரியாது. மேற்கே தண்ணீர் ஆழம் குறைவு. கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி, எழுந்து, குடித்து, மறுபடி மூழ்கி, அவள் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். படித்துறையில் அவள் தெருப் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள்.

குடங்களைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். "ஏத்தா, இந்த நெலமைக்கு வந்துட்டியே" என்றார்கள். மடியில் போட்டுத் தலையைத் துவட்டினார்கள், துவட்டத் துவட்ட நனைந்தது. ஒருத்தி ஓடிப்போய்ச் சுடுகஞ்சி கொண்டுவந்து, மழை விழாமல் கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள். கால் விரல்களைப் பார்த்தபோது எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எவ்வளவு காலமாக யாரும் தொடாத உடம்பு. ஒய்யம்மாள் அந்தக் கைகளுக்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போவோம் சிட்டு" என்றாள்.

சிட்டு அவள் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். கோதுவதை நிறுத்தவில்லை. இடுப்பில் அவள் பிள்ளை கொழுகொழுவென்று உட்கார்ந்து பெரியம்மாவை வேடிக்கை பார்த்தது.

"அக்கா, இவனைப் பாரு" என்றாள் சிட்டு. "ஒருநாள் வயித்தால போனதில்ல இவனுக்கு."

ஒய்யம்மாள் கண்ணைத் திறந்தாள். பெண்கள் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் அவளைப் பிடித்திருந்த கைகள் எதுவும் தளரவில்லை. அன்பாகப் பிடித்த பிடி, எந்த நேரத்தில் வேறு பிடியாக மாறியதென்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நல்லா உலர்ந்த சேலை கட்டிவிடுறோம் ஆத்தா" என்றாள் ஒருத்தி.

அவளும் ஆத்தா என்றுதான் சொன்னாள். தலை வாரி, பூ வைத்து, வேறு சேலை கட்டி, ஒய்யம்மாளைப் பனந்தோணியில் படுக்க வைத்தார்கள். கூரிச்சாமி துழாவினான். ஏணியை அவனே பிடித்துக்கொண்டான். அவள் மேலே போய் உட்கார்ந்ததும் மழை நாலு கரைக்கும் விரிந்தது.

அடுத்த மார்கழியில் வெள்ளை விழுந்த ஒரு காலையில் கஞ்சி கொண்டுபோன கூரிச்சாமி கயிற்றை ஆட்டிப் பார்த்தான். கலயம் மேலே போகவில்லை. ஏறிப் பார்த்தான். ஒய்யம்மாள் மல்லாந்து கிடந்தாள். திறந்த கண்களின்மேல் வெள்ளை விழுந்துகொண்டிருந்தது, விழுந்தது கரையவில்லை. பொழுது ஏறி வெள்ளை மறுபடி தண்ணீராக மாறியபிறகும் மழை மட்டும் நிற்கவில்லை. அவள் மூச்சோடு இருந்தபோது எப்படிப் பெய்ததோ அப்படியே பெய்தது.

ஊர் கூடியது. உடையப்ப அம்பலம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழத்தெருவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க பொண்ணு. எடுத்துட்டுப் போயி முறைப்படி அடக்கம் பண்ணுறதுன்னாப் பண்ணுங்க. நாங்க யாரும் தடுக்கலை." சொல்லிவிட்டு மேலத்தெருவோடு எழுந்து போய்விட்டார்.

கீழத்தெரு ஆணும் பெண்ணுமாகப் படித்துறையில் உட்கார்ந்தது. குழி எங்கே வெட்டுவது என்று ஒருவர் கேட்டார். தெற்கே வெட்டலாம் என்றார் ஒருவர். கொட்டுக்கு ஆள் சொல்லணும் என்றார் இன்னொருவர். அப்புறம் ஒரு கிழவர், யாரையும் பார்க்காமல், "மண்ணுக்குள்ள வச்சிட்டா மழை எங்கிட்டுப் பெய்யும்?" என்று கேட்டார். வெயில் ஏறியது. பிள்ளைகள் பசிக்கிறதென்று அழுதன. ஒருத்தி எழுந்து, உலை வைக்கணும் என்று குடத்தில் மொண்டுகொண்டு போனாள். பிறகு இன்னொருத்தி எழுந்தாள். பொழுது சாய்வதற்குள், வேண்டாம் என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லாமலே, படித்துறை காலியாகிவிட்டது.

கூரிச்சாமி மட்டும் இருந்தான். வீட்டுக்குப் போய்ச் சிட்டு எடுத்துவைத்திருந்த புதுச்சேலையை வாங்கிக்கொண்டு வந்தான். தோணியைத் துழாவிக்கொண்டு போய், ஏணியில் ஏறி, மதினியின் கண்களை மூடினான். சேலையை விரித்துத் தலையிலிருந்து கால்வரை போர்த்தினான். கணத்தில் அது நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமோ என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தான். பிறகு இறங்கித் தோணியைத் திருப்பினான். பாதி வழியில் நிறுத்தி, சிட்டு கொடுத்துவிட்டிருந்த குடத்தை அமுக்கி நிரப்பிக்கொண்டு, கரைக்குப் போனான்.